நாலு செகண்டுக்கு மேல்

கோவில்பட்டியில் அந்த வருஷம் ட்ரெண்டு என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது. இருபத்தைந்து வருஷமாக டிசைன் தொழிலில் இருக்கும் நிரோஷாவுக்கு அது பெரிய குறை.

அவள் தொழிலுக்கு வந்த புதிதில் ட்ரெண்டு என்று ஒன்று கிளம்பினால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓயும். ஒரு வருஷம் மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம் நிற்க வேண்டும். காதுகுத்துக்கு மொட்டை போட்ட ஒரு வயசுக் குழந்தைக்குப் பின்னாலும் சிங்கம்தான். அடுத்த வருஷம் சிங்கத்தைச் சீந்துவாரில்லை. எல்லோருக்கும் தங்கத்தில் வார்த்த எழுத்து வேண்டும். அப்புறம் மேகம், மேகத்துக்கு மேலே தேர். அப்புறம் ஊரே திடீரென்று பெரிய படிப்புப் படித்துவிட்ட தோரணையில், வெள்ளைப் பின்னணியில் எறும்பு சைஸில் பெயர் போட்டால் போதும் என்றார்கள். கம்ப்யூட்டரே படம் வரைய ஆரம்பித்தபோது கல்யாணப் பெண்ணுக்கு ஆறு விரல் வந்தது. அதையும் திட்டிக்கொண்டே அழித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் கிண்டல் செய்துகொண்டேதான் செய்தாள். ஆனாலும் ஒரு ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரே கிறுக்குத்தனத்துக்கு ஆசைப்பட்டதில் ஏதோ ஒரு அழகு இருந்ததாக இப்போது அவளுக்குப் பட்டது.

பார்வைத் துணி வந்து அத்தனைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. பார்க்க வெறும் வெள்ளைத் துணிதான். விளிம்பில் கடுகு அளவுக்குக் கேமராக்கள். நெசவில் இருக்கும் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு திசைக்கும் வேறு வேறு வெளிச்சத்தை அனுப்பும். எதிரே நிற்பவரின் கண் எங்கே தங்குகிறது, எதைக் கண்டு விரிகிறது என்று பார்த்து, அவருக்கு மட்டும் அவருக்குப் பிடித்த மாதிரி மாறிக்கொள்ளும். அருகில் நிற்பவருக்கு வேறு நிறம், வேறு எழுத்து, வேறு படம்.

இதனால் ஒரு நன்மை நடந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் கல்யாண பேனரின் அடிவரிசையில் தாய்மாமன் படம் அரை இஞ்ச் சின்னதாகிவிட்டால் பந்தி முடியும் வரைக்கும் சண்டை நடக்கும். இப்போது எல்லா மாமன்களும் தன் படம்தான் இருப்பதிலேயே பெரிது என்று கண்ணாரக் கண்டுவிட்டு, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் "அந்த பேனரைப் பார்த்தியா?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டுத்தான் என்ன செய்ய? இரண்டு பேர் பார்த்தது ஒன்றாக இருப்பதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை நிரோஷா கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தன்விகா வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். எட்டயபுரம் ரோட்டு மண்டபத்து வாசலில் திங்கட்கிழமைதான் நிரோஷா துணியைக் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, அந்த பேனர்ல என்னக்கா போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஏன் தன்வி, உன் படம் நல்லா இல்லையா?"

"எனக்கு நல்லாத்தான் தெரியுது. நானும் அவரும் இருக்கோம். அம்மாதான் அங்கயே நிக்கிறாங்க. நேத்து காலையில போனவங்க வெயில் ஏறியும் வரல. கூப்பிட்டா, இந்தா வர்றேன்னு சொல்லிட்டு மறுபடியும் அதையே பாக்குறாங்க. நேத்து எனக்கு நலங்கு வெச்சாங்க. அம்மா மஞ்சளைத் தொட்டு வெச்சிட்டு, கையைக்கூடக் கழுவாம அங்க போயிட்டாங்க."

அழுதுவிடக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிரோஷா கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

மண்டபத்து வாசலில் தன்விகாவின் அம்மா ஜெயராணி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு துணிக்கு முன்னால் நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. நிரோஷாவைக் கண்டதும் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"நீ நல்லா இருக்கணும் நிரோஷா. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லியும் என் பிள்ளையை வெச்சுட்ட பாரு."

நிரோஷா அருகில் போனாள். "எந்தப் பிள்ளையக்கா?"

"எனக்கு எத்தனை பிள்ளை? ரித்தீஷ்தான். தங்கச்சிக்கு இடது பக்கம் நிக்கிறானே. முதல் நாளு மங்கலாத்தான் தெரிஞ்சான். இப்ப பாரு, மீசையெல்லாம் வெச்சு, தோளெல்லாம் அகலிச்சு..."

நிரோஷா துணியை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கு எந்தத் துணியும் காட்டுவது ஒன்றைத்தான்: எங்கே எழுத்து நெருங்கியிருக்கிறது, எங்கே வரிசை ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. தொழில் வியாதி. தன்விகாவுக்கு இடது பக்கம் வெறும் பூக்கொத்துதான் இருந்தது.

ரித்தீஷ் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டெங்குவில் போய்விட்டவன். பதினாறு வயது. அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்ததும் நிரோஷாதான். அவன் அப்பா ஞானசேகர் காரியம் முடிந்த மாசமே வீட்டிலிருந்த அவன் படங்களை எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொன்னதில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். போன மாசம் கல்யாண பேனருக்குச் சொல்ல வந்தபோதும் அவர் கறாராகச் சொன்னது ஒன்றுதான்: "இறந்தவங்க படம் எதுவும் வேண்டாம்மா. நல்ல காரியத்துக்கு வர்றவங்க சங்கடப்படக் கூடாது."

கடைக்குத் திரும்பி ஃபைலைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. டிசைன்காரர்களில் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் யாரும் கிடையாது. புதிதாக ஒன்றை முதலிலிருந்து செய்ய யாருக்கு நேரம்? அந்தக் குடும்பத்துக்கு முன்பு செய்த பழைய ஃபைலை எடுத்து, அதில் வேண்டாத லேயரை, அதாவது அடுக்கை, தெரியாதபடி மூடி, மேலே புதுசை ஏற்றிவிடுவது. சித்தப்பா, பெரியப்பா, மாமன் முகமெல்லாம் ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கும். அவள் எடுத்தது ரித்தீஷின் அஞ்சலி போஸ்டர். தோற்றம், மறைவு, தேதிகள், நடுவில் பள்ளிக்கூடச் சீருடையில் அவன் படம், எல்லாம் அடியில் அப்படியே கிடந்தன. கல்யாண பேனரை ஒரு சாவு போஸ்டருக்கு மேலே கட்டியிருக்கிறாள். வெளியே தெரிந்தால் ஊரில் ஒரு பயல் அவள் கடைப் படி ஏற மாட்டான்.

ஆனால் அவளை உறுத்தியது அதுவல்ல. படத்திலிருக்கும் பையனுக்கு மீசை இல்லை.

துணியைக் கொடுத்த கம்பெனியில் அருள்தாஸ் என்று ஒரு இன்ஜினியர் உண்டு. கோயம்புத்தூர்க்காரர். அவருக்குப் போன் போட்டாள்.

"மேடம், ஃப்ளெக்ஸ்ல நீங்க மூடி வெச்ச லேயர் அச்சாகாது," என்றார் அவர். "துணியில மூடினதுன்னு ஒண்ணு கிடையாதுங்க. ஃபைல்ல இருக்கிறது மொத்தமும் உள்ள போயிரும். எந்தக் கண்ணு தேடுதோ அதுக்குத் திறக்கும்."

"அது புரியுது சார். படத்துல பதினாறு வயசுப் பையன். அந்தம்மா பாக்குறது இருபத்தஞ்சு வயசு ஆளை. துணி எப்படி சார் வயசு கூட்டும்?"

"துணிக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அதுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். படத்துல ஒரு சின்ன மாத்தம் பண்ணிப் பாக்கும். கண்ணு தங்குனா வெச்சுக்கும், நகந்துட்டா விட்டுடும். செகண்டுக்கு இருபது தடவை இப்படிக் கேட்டுக்கிட்டே இருக்குமுங்க. சாதாரணமா ஒரு ஆளு ஒரு பேனரை நாலு செகண்டு பாப்பான். எண்பது கேள்வி. அதுக்குள்ள எழுத்து கொஞ்சம் பெருசாகும், கலர் மாறும், அவ்வளவுதான். நாங்க டெஸ்ட் பண்ணதே நாலு செகண்டுக்குத்தான். அந்தம்மா எவ்வளவு நேரம் பாத்திருப்பாங்க?"

நிரோஷா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "இதுவரைக்கும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும்."

அந்தப் பக்கம் அவர் கணக்குப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எட்டு லட்சத்துக்கு மேல வருதுங்க மேடம். எட்டு லட்சம் தடவை துணி கேட்டிருக்கு, அவங்க ஆமா, இல்லைன்னு பதில் சொல்லியிருக்காங்க. அதை வரைஞ்சது துணி இல்லீங்க. அவங்கதான்."

"நான் அதைப் பாக்க முடியுமா சார்?"

"முடியாதுங்க. போட்டோ எடுத்தாலும் வெறும் வெள்ளைத் துணிதான் விழும். ஒருத்தர் கண்ணு கேட்டதை இன்னொருத்தருக்குக் காட்டவே கூடாது, கலக்கவும் கூடாது. அது சட்டம், துணியோட அமைப்பே அப்படித்தான். எப்படியும் கழட்டி எங்களுக்கு அனுப்புறப்ப எல்லாம் அழிஞ்சிரும். அதுவரைக்கும் வேண்டாம்னா உங்க போன்ல இருந்தே அந்த லேயரை அழிச்சிரலாம். அழிச்சா அதோட சரி, திரும்ப வராதுங்க."

போனை வைத்த பிறகு நிரோஷா ஃபைலில் ரித்தீஷின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் எத்தனை ஆயிரம் முகங்களைத் தொட்டிருப்பாள்! கறுப்பை வெளுப்பாக்கி, வழுக்கையில் முடி நட்டு, இரட்டைத் தாடையை ஒற்றைத் தாடையாக்கி. ஒரு முகத்தையாவது இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்தோமா என்று நினைத்தாள். கோலம் போடப் பென்சில் பிடித்ததைத் தவிர வேறொன்றும் வரைந்தறியாத ஒருத்தி, வெயிலில் நின்றபடி, கண்ணாலேயே ஒரு ஆளை வளர்த்து நிறுத்திவிட்டாள். மீசை எந்த இடத்தில் அடர்த்தி, தோள் எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றையும் அவளே முடிவு செய்திருக்கிறாள். போனில் அழிக்கும் பொத்தான் சிவப்பாகத் தெரிந்தது. அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஞானசேகரிடமிருந்து போன் வந்தது. "உடனே மண்டபத்துக்கு வா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தன்விகா அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆறு மணிக்கு வந்து இறங்குவார்கள். ஆரத்தி எடுக்க வேண்டிய அம்மா வாசலில் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தப் பெண்தான் என்ன செய்வாள்?

நிரோஷா போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் துணிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். தன்விகா பட்டுச் சேலையில், பாதி வைத்த பூவோடு ஓடி வந்திருந்தாள். ஞானசேகர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"உன்கிட்ட நான் என்னம்மா சொன்னேன்?"

"இறந்தவங்க படம் வேண்டாம்னு சொன்னீங்க அண்ணாச்சி. என் தப்புதான். பழைய ஃபைலுக்கு மேலயே செஞ்சுட்டேன். வேணும்னு செய்யல."

"சரி. அழிச்சிரு."

"அழிக்காத நிரோஷா!" ஜெயராணி குறுக்கே வந்து நின்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அன்னிக்கு நீங்க ஆணியோட பிடுங்கிப் பெட்டியில போட்டப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேனா? ஒன்பது வருஷம் வாயைத் திறந்தேனா? இப்ப அவனா வந்து நிக்கிறான். இன்னும் ஒரு நாளு, தாலி கட்டுற வரைக்கும் விடுங்க."

"அம்மா, நான் போறேன்மா," என்று தன்விகா வெடித்தாள். "நாளைக்கு நான் இந்த வீட்டை விட்டுப் போறேன். நீ என்னை ஒரு தடவை நிமிந்து பாத்தியா? இங்க இல்லாதவனைப் பாத்துட்டு நிக்கிறியே!"

ஜெயராணி திரும்பினாள். மகளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"நிரோஷா," என்றார் ஞானசேகர். "அழி."

நிரோஷா போனை எடுத்தாள். ஜெயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவில்லை. புருஷனிடம்தான் பேசினாள், குரலைத் தாழ்த்தி, கோபமெல்லாம் போய்.

"எப்படி நிக்கிறான் தெரியுமாங்க? வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்த அண்ணன் எப்படி நிப்பான், அப்படி. மீசை உங்களுது மாதிரி. ஒருக்கா நீங்க பாத்தீங்கன்னா அழின்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

ஞானசேகர் துணியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்காமல், யாருக்கோ பதில் சொல்வது போல வாய்க்குள்ளே சொன்னார்.

"மீசை சரிதான். அந்தக் கண்ணாடிதான் அவனுக்கு எடுப்பா இல்ல."

சட்டென்று யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பந்தலுக்குள் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாடியா?" என்றாள் ஜெயராணி. "கண்ணாடியைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலியே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"திங்கக்கிழமை துணி கட்டுனதுல இருந்து." ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த கடையைக் கை காட்டினார். "விடியக்காலம் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருவேன். நீ வர்ற நேரம் எதிர்க்கடையில போய் உக்காந்துக்குவேன், அங்கிருந்தும் நல்லாத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நெனச்சேன் ஜெயா. உனக்காக மட்டும் அழிக்கச் சொல்லல. எனக்கும் சேத்துத்தான் சொன்னேன். இதுக்கு மேல பாத்தா என்னால விட முடியாது."

ஜெயராணி முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் போய், துணியைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள்.

"கண்ணாடிக்கு என்ன குறைச்சல்?" என்றாள். "உங்க பவர்தான் அவனுக்கும் வந்திருக்கு."

"நெத்தி ஏறிருச்சு பாத்தியா, இந்த வயசுலயே."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான் ஏறுச்சு."

"ஆமா, உங்கப்பா மாதிரிதான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லேசாத் தொப்பை வேற."

"போட்டாப் போடட்டும். என் பிள்ளை நல்லா சாப்பிடட்டும்."

நிரோஷா மனசுக்குள் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள். ஃபைலில் இருக்கும் பையனுக்குக் கண்ணாடி கிடையாது. நெற்றியை மூடித் தலை நிறைய முடி. தொப்பைக்கு வழியே இல்லாத ஒல்லி உடம்பு. ஒருவர் கண் கேட்டது இன்னொருவருக்குப் போகாது என்று அருள்தாஸ் அடித்துச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் துணி தனித்தனியாகத்தான் லட்சம் லட்சமாகக் கேள்வி கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். வந்து நிற்பவன் ஒரே ஆள்.

ஒரே வீட்டுக்குள், பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவருக்கொருவர் தெரியாமல், இந்த இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒரே பையனை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவனுக்குக் கண் மங்கியிருக்கிறது, கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முடி கொட்டியிருக்கிறது, கவலைப்பட்டிருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க நிரோஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உலகத்தில் இப்படியும் ஒன்று நடக்கும் என்று அவளிடம் நேற்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஞானசேகர் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் கழட்டும்போது எப்படியும் அழிஞ்சிரும், இல்லையாம்மா?"

"அழிஞ்சிரும் அண்ணாச்சி. வெச்சுக்க வழியில்ல. கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். "சரி. கல்யாணம் பாத்துட்டுப் போகட்டும்."

ரோட்டுத் திருப்பத்தில் வேன் ஹாரன் கேட்டது. உள்ளேயிருந்து பெண்கள் ஜெயராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இத்தனை நாளும் பத்து தடவை கூப்பிட்டாலும் அசையாதவள், மகளிடம் வந்து அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்னைப் பெத்த தாயே, தப்புத்தான்டி. பூ பாதியில நிக்குது, உள்ள போ. நான் ஆரத்தியை எடுத்துட்டு வந்து வெச்சு விடுறேன்." பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். "வாங்க, வாசல்ல ரெண்டு பேரும் நிக்கணும்."

இரண்டு பேரும் போனார்கள். போகும்போதும் ஜெயராணி ஏதோ சொல்ல, ஞானசேகர் சிரித்தார். அவர் சிரித்து நிரோஷா பார்த்ததில்லை.

தன்விகா உள்ளே போகவில்லை. துணிக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"எனக்கு ஏன்க்கா தெரியல? எனக்கு அப்ப பதினாலு வயசு. என்னை சைக்கிள்ல வெச்சு ட்யூஷனுக்குக் கூட்டிட்டுப் போனவன்க்கா. எனக்கு ஏன் தெரியல?"

நிரோஷாவிடம் பதில் இருந்தது. சொல்ல மனசு வரவில்லை. தன்விகாவே சொன்னாள்.

"நான் என்னைத்தான் பாத்துட்டு இருந்தேன். வந்து வந்து என் சேலை கலரைத்தான் பாத்துட்டுப் போனேன்."

ஹாரன் சத்தம் வாசலை நெருங்கியது. நாதஸ்வரம் ஆரம்பித்தது. மணப்பெண் வெளியே நிற்கக் கூடாத நேரம். அவள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, தன் படத்தை விட்டுக் கண்ணை விலக்கி, அதற்கு இடது பக்கம் இருந்த பூக்கொத்தின் மேல் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் பாக்கணும்க்கா?"

"தெரியல தன்வி," என்றாள் நிரோஷா. "நீ பாரு. உள்ள நான் சொல்லிக்கிறேன்."